பன்னிரண்டு மணி மாத்திரை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பார். திங்கட்கிழமை மத்தியானம் அதே மனிதருக்குச் சட்டைப் பொத்தான் போட வராது. அதே ஆள், அதே வியாதி, அதே மாத்திரை, அதே பன்னிரண்டு மணி. அப்புறம் ஏன்?

இந்த மாதிரி ஒரு 'ஏன்' வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு பள்ளிக்கூடத்து அறிவியல் ஆய்வகத்தில் நான் உதவியாளர். இருபத்திரண்டு வருடமாகச் சோதனைக் குழாய் கழுவுகிறேன், கரைசல் கலக்குகிறேன். முப்பது பிள்ளைகளின் குடுவையில் நிறம் மாறி, ஒரே ஒரு குடுவையில் மட்டும் மாறவில்லை என்றால், மணி அடித்த பிறகும் நான் நகர மாட்டேன். குழாய் சரியாகக் கழுவவில்லையா, தண்ணீர் சேர்ந்துவிட்டதா, இல்லை அந்தப் பிள்ளை சொல்கிற அளவே பொய்யா என்று குடைந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று வேதியியல் டீச்சர் கேட்பாள். இல்லை. இதுதான் வேலை.

என் வீட்டுக்காரர் பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். கிளம்ப வேண்டிய பஸ்ஸுக்குப் பக்கத்தில் போய் விசில் ஊத வேண்டும். முப்பது வருடமாக ஒரே அறை, ஒரே ஜன்னல், ஒரே நாற்காலி. நான்கு வருடத்துக்கு முன்னால் வலது கைக் கட்டைவிரல் எதையோ உருட்டுவது போல் தானாக ஆட ஆரம்பித்தது. அப்புறம் கையெழுத்து சிறுத்துச் சிறுத்து எறும்புச் சாரை ஆனது. அப்புறம் கால். நடந்துகொண்டே இருப்பவர் நடுவழியில் அப்படியே நின்றுவிடுவார். மனசு போகும், பாதம் போகாது. பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார்கள்.

நரம்பு டாக்டர் ஒரு பெண்மணி. பொறுமைசாலி, என் கேள்விகளையே தாங்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "மூளையில ஒரு சரக்கு தீர்ந்துகிட்டே வருதும்மா. அது இல்லாம உடம்பு அசையாது. இந்த மாத்திரை அந்தச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்குது. வியாதியை இது விரட்டாது, வேலை செய்ய வைக்கும், அவ்வளவுதான். இவருக்கு ஒரு மாத்திரை நாலு மணி நேரம் தாங்கும். அதனால எட்டு, பன்னெண்டு, நாலு, மறுபடி எட்டு. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போட்டுடணும். முட்டை, பருப்பு, கறி எல்லாம் ராத்திரிக்கு வெச்சுக்கங்க. அதுவும் மாத்திரையும் ஒரே வாசல்ல முட்டிக்கும். சாப்பாடு உள்ள போயிடும், மாத்திரை வெளியில நிக்கும்."

அந்த வாசல் கதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் மாத்திரை போட்ட காலை எனக்கு மறக்காது. எதிரில் நாற்காலி போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு நிமிடம். கட்டைவிரல் நின்றது. தோள் இறங்கியது. எழுந்து, அறையை ஒரு சுற்றுச் சுற்றி, என்னைப் பார்த்து, "பஸ் வந்துடுச்சு" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மருந்து பிடித்தால் பஸ் வந்துவிட்டது, விட்டால் பஸ் போய்விட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததை அவருக்குக் காட்டாமல் தம்ளரைக் கழுவப் போனேன்.

மூன்று வருடம் நன்றாகவே ஓடியது. போன வருடக் கடைசியில்தான் வார நாட்களின் மத்தியானம் மட்டும் கெட ஆரம்பித்தது. டாக்டர் ஒரு மஞ்சள் தாள் கொடுத்தார். மாத்திரை போட்ட நேரம், பிடித்த நேரம், விட்ட நேரம், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். பதிவேடு எழுதுகிறவருக்கு இது அல்வா மாதிரி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினார். எட்டு. பன்னிரண்டு. நான்கு. எட்டு. ஒரு நிமிடம் முன்னே பின்னே கிடையாது.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு யோசித்தார். "நேரத்துக்குத்தான் போடறீங்க. அப்படியும் ரெண்டு மணிக்கு ஒடம்பு கட்டிப்போகுதுன்னா வியாதி கொஞ்சம் முன்னேறியிருக்குன்னுதான் அர்த்தம். பன்னெண்டு மணிக்கு மட்டும் ஒண்ணரையா போடுங்க. ஆறு வாரம் கழிச்சு வாங்க."

ஒன்றரை போட்டார். மத்தியானம் தேறவில்லை; சாயங்காலம் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. ஐந்து மணி ஆனால் கழுத்தும் தோளும் வளைந்து வளைந்து ஆடும். எதிர்வீட்டுக்காரி, "அண்ணன் பாட்டு கேக்கறாரா?" என்று கேட்டாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் ஜன்னலைச் சாத்தினேன்.

மூன்றாவது வாரம் அது நடந்தது. இரண்டேகால் மணி பஸ்ஸுக்கு விசில் கொடுக்க வளாகத்தைக் கடக்கும்போது இவர் கால் ஒட்டிக்கொண்டது. பின்னால் ஒரு பஸ் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. மீசை என்று எல்லோரும் கூப்பிடும் டிரைவர் கத்திக்கொண்டே ஓடிவந்து இவரை இழுத்தார். முழங்கை சிராய்ப்போடு போனது. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அந்த மனிதர் எதைச் சொன்னாலும் 'முடிஞ்சுது' என்று முடிப்பார். ஊழியர்களுக்குள் அவருக்கு முற்றுப்புள்ளி என்றுதான் பெயர்.

"உங்க டாக்டர் ஆறு வாரம்னு சொன்னாங்கல்ல? அது வரைக்கும் விசிலுக்கு மீசை போகட்டும். அப்புறம் நானே நின்னு பார்ப்பேன். வளாகத்தைக் கடந்து போயிட்டு வந்தா ஜன்னல் உங்களுது. இல்லேன்னா பின்னாடி ஸ்டோர் ரூம். சம்பளம் அதேதான். முடிஞ்சுது."

நியாயமான பேச்சுதான். ஆனால் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "ஸ்டோர் ரூம்ல டயர்தான் இருக்கும். ஒரு பஸ்ஸும் கண்ணுல படாது. ஒரு கடிகாரம்கூட கிடையாது" என்றார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடத்தை டயர்களோடு உட்கார வைத்தால் இவர் அதற்குள்ளேயே ஒடுங்கிப்போவார் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பயம் வந்துவிட்டது. எனக்குப் பயம் வந்தால் கோபம் வரும். கோபம் வந்தால் காரணம் தேடுவேன்.

முதலில் மாத்திரையைச் சந்தேகப்பட்டேன். அவருடைய பஸ் நிலைய அறை வெயிலில் வேகும், மாத்திரை கெட்டிருக்கலாம். அங்கே இருந்த மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்தே கொடுத்தேன். ஜம்மென்று வேலை செய்தது. அடுத்து சாப்பாடு. வார நாளுக்கு நான் கட்டிக்கொடுப்பது சோறும் காயும்தான், பருப்பின் நிழல்கூட இருக்காது. அதே டப்பாவில் அதே சோறு, அதே காய், ஞாயிற்றுக்கிழமையும் கட்டிக்கொடுத்தேன்.

"வீட்டுக்குள்ள எதுக்குடி டிபன் பாக்ஸ்?"

"பேசாம சாப்பிடுங்க. சோதனை."

"நான் உனக்குப் புருஷனா, தவளையா?"

"தவளை இவ்வளவு கேள்வி கேக்காது."

அன்றைக்கும் பிரமாதம். ஒரு மணிக்கெல்லாம் ஏணி ஏறி மின்விசிறியைத் துடைத்தார். ஆக, மாத்திரை இல்லை, சாப்பாடு இல்லை. மாறாதவை எல்லாவற்றையும் கழித்த பிறகு மாறியது இடம் ஒன்றுதான். எனக்கு மூக்கு வியர்த்தது. புதன்கிழமை அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் பஸ் நிலையத்துக்குப் போனேன்.

பயணிகள் பெஞ்சில், தூணுக்குப் பின்னால், நேர அலுவலக ஜன்னல் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். கையில் ஒரு பத்திரிகை. ஒரு மணி நேரமாக ஒரே பக்கத்தைப் படிக்கிற பெண்ணைப் பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் கை ஆட ஆரம்பித்தது எனக்குத் தெரிந்தது. எட்டு மணி மாத்திரை விடுகிற நேரம். நிலையத்துப் பெரிய கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்தது. அவர் இழுப்பறையைத் திறந்தார். மஞ்சள் தாளை எடுத்தார். எழுதினார். தாளை உள்ளே வைத்து மூடினார். தண்ணீர் பாட்டில் இருந்த இடத்தில் இருந்தது. மாத்திரை? மாத்திரையே இல்லை!

எழுந்து ஓடி, சட்டையைப் பிடித்து உலுக்கலாம் என்று ஒரு வேகம். அடக்கிக்கொண்டேன். சோதனை நடுவில் குடுவையில் கை வைக்கக் கூடாது.

அப்போதுதான் பஸ்கள் வரிசையாக நுழைந்தன. டிரைவர்கள், கண்டக்டர்கள் ஜன்னலை மொய்த்தார்கள். ஒருவர் தாளை நீட்டுவார், ஒருவர் வம்பு பேசுவார், ஒருவர் உள்ளேயே போய் மேசை மேல் உட்கார்ந்துகொள்வார். பன்னிரண்டே முக்கால் வரை திருவிழாதான். கூட்டம் கலைந்ததும் மீசை தன் டப்பாவோடு உள்ளே போனார். இருவரும் சாப்பிட்டார்கள். மீசை ஒரு அவித்த முட்டையை எடுத்து இவர் டப்பாவில் வைத்தார், இவர் மறுக்கவில்லை. ஒன்றேகாலுக்கு மீசை கை கழுவப் போனார்.

அறையில் யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். பக்கவாட்டில் எனக்குத் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். அந்த வெள்ளித் தாளைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் வழுக்கியது. மறுபடி. வழுக்கியது. ஸ்கேலின் முனையால் குத்தினார். அட்டை கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவே ஒரு நிமிடம் ஆனது. கடைசியில் பல்லால் கடித்துக் கிழித்தார். கடிகாரத்தைப் பார்த்தேன்: ஐந்து நிமிடம், ஒரு மாத்திரைக்கு. அரை மாத்திரை வேறு பாக்கி இருந்தது.

வீட்டில் மாத்திரையைப் பிதுக்கி எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பது நான்தானே. மூன்று வருடத்துக்கு மேலாக, ஒரு நாள் தவறாமல், நான்தான். அங்கே யார் வைப்பார்கள் என்று இந்தப் பெரிய ஆராய்ச்சிக்காரி ஒரு நாள், ஒரே ஒரு நாள் யோசித்தாளா? எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பக்கத்தில் இருந்தவர், "ஏதாவது பஸ்ஸை விட்டுட்டீங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

கணக்கெல்லாம் இப்போது சரியாக விழுந்தது. பன்னிரண்டு மணி மாத்திரை ஒன்றரை மணிக்கு, நிறைந்த வயிற்றில், முட்டைக்குப் பின்னால் வாசலில் காத்து நிற்கிறது. இரண்டேகாலுக்கு வளாகத்தில் கால் ஒட்டுகிறது. அது மெதுவாக உள்ளே போய்ப் பிடிப்பதற்குள் வீட்டில் நான் நான்கு மணி மாத்திரையைக் கொடுத்துவிடுகிறேன். இரண்டும் சேர்ந்து அளவு மிஞ்சி, ஐந்து மணிக்குக் கழுத்தை ஆட வைக்கின்றன. வியாதி எங்கேயும் முன்னேறவில்லை. டாக்டர் பார்த்தது பொய்த் தாளை.

சாயங்காலம் அவர் வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"இன்னிக்கு மத்தியானம் மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"பன்னெண்டு. தாள்ல இருக்கு பாரு."

"தாளைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன். தூணுக்குப் பின்னாடி உக்காந்து பாத்துட்டுத்தான் கேக்கறேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றுவதிலேயே இருந்தார். பிறகு அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்:

"பன்னெண்டு மணி மாத்திரைன்னா பன்னெண்டுன்னுதானே எழுதணும்?"

"போட்ட நேரத்தைத்தானே எழுதணும்!"

"உனக்குப் பதிவேடு தெரியாது. பன்னெண்டு மணி பஸ் பன்னெண்டே காலுக்கு வரும். பன்னெண்டே கால்னு எழுதினா டிரைவருக்கு மெமோ போகும். அவன் விளக்கம் எழுதுவான். அது மேனேஜருக்குப் போகும், அவரு மேலதிகாரிக்கு ஒரு விளக்கம் எழுதுவாரு. எதுக்கு? பஸ்தான் வந்துடுச்சே. அதனால வர வேண்டிய நேரத்தை எழுதிடுவோம். முப்பது வருஷமா எல்லாரும் அப்படித்தான்."

"அந்தத் தாளைப் பாத்துட்டுத்தாங்க டாக்டர் மாத்திரையைக் கூட்டினாங்க! சாயங்காலம் கழுத்து ஆடுதே, அது வியாதி இல்ல. நீங்க எழுதின எழுத்து!"

பொய் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது என்று நினைக்கிறேன். இத்தனை நாள் அது அவருக்குப் பொய்யாகவே படவில்லை. தாளை ஒழுங்காக வைத்திருந்தார், அவ்வளவுதான்.

"சரி, பன்னெண்டுக்கே ஏன் போடல?"

"கூட்டம்."

"கூட்டத்துல ஒரு வாய் தண்ணி குடிக்க முடியாதா?"

"கூட்டம்னு சொல்றேன்ல!"

நான் மேலே கேட்கவில்லை. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். நான் பார்த்த அந்த ஐந்து நிமிடத்தை நானாகச் சொன்னால் மனிதர் உடைந்துபோவார். வாழ்க்கையிலேயே நான் தெரிந்துகொண்டே கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டே, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மத்தியான மாத்திரையை அட்டையிலேருந்து எடுத்து ஒரு டப்பியில போட்டுக் குடு."

மருந்துக்கடைக்கு ஓடினேன். "அன்னன்னிக்கு உள்ளதை மட்டும் காலையில எடுத்து வைங்க. ஈரம் படாத டப்பியா இருக்கட்டும். ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர். திருகாமல் விரலால் தள்ளினாலே திறக்கிற டப்பி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கடையில் இருந்த பதினோரு டப்பியையும் எனக்குப் பழக்கமில்லாத இடது கையால் திறந்து பார்த்துத்தான் வாங்கினேன்.

அன்றிலிருந்து மஞ்சள் தாளில் வேறு எண்கள் வந்தன. 12.06. 12.11. ஒரு நாள் 12.19. ஒவ்வொன்றையும் எழுதும்போது மனிதர் பல்லைப் பிடுங்குவது போல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாராம், மீசை பிறகு என்னிடம் சொன்னார். "பஸ் நேரத்தையும் இப்ப உள்ளபடி எழுதறீங்களா?" என்று கேட்டேன். "அது வேற, இது வேற. மீசைக்கு மெமோ வாங்கிக் குடுக்கவா?" என்று எரிந்து விழுந்தார்.

ஆறாவது வாரம் டாக்டரிடம் போனோம். புதுத் தாளைக் கொடுத்தேன். பழைய தாளைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று நான் முழித்துக்கொண்டிருக்கும்போது, என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார். டிரைவர்கள் மெமோவுக்குப் பதில் எழுதுவார்களே, அதே அமைப்பு. மேலே 'விளக்கக் கடிதம்' என்று அடிக்கோடு போட்டிருந்தது. எழுத்து பொடிதுதான், டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

'கீழே கையெழுத்திட்டுள்ள நான் தெரிவித்துக்கொள்வது. நாற்பத்திரண்டு வேலை நாட்கள் மதிய மாத்திரையைத் தாமதமாகப் போட்டுவிட்டு, உரிய நேரத்தில் போட்டதாக எழுதியுள்ளேன். தாமதத்துக்குக் காரணம்: அட்டையிலிருந்து மாத்திரையை எடுக்க என் கைக்கு வரவில்லை. ஒரு தடவை அது தெறித்து ஓடியதைப் பார்த்துச் சிரித்தார்கள். அதன் பிறகு ஆள் இருக்கும்போது எடுக்க வெட்கமாக இருந்தது. என் மனைவிக்கும் இதைச் சொல்லவில்லை. மன்னிக்கவும்.'

நான் அந்தக் காகிதத்தைப் பார்த்தபடியே இருந்தேன். தலையைத் தூக்கினால் கண்ணீர் தெரிந்துவிடும்.

டாக்டர் திட்டவில்லை. "உங்களை மாதிரி நிறைய பேர் இருக்காங்க. கடிதம் எழுதினது நீங்க ஒருத்தர்தான்" என்றார். புதுத் தாளை விரலால் தடவிக்கொண்டே போனார். மத்தியானம் நடக்க முடிந்திருந்தது. ஒரு மணிக்குத் தோள் கொஞ்சம் ஆடியது என்றும் இவரே சொன்னார். "ஒண்ணரை அதிகம். பழையபடி ஒண்ணே போதும். நேரம் மட்டும் தவறாதீங்க. தவறினா தவறினதா எழுதுங்க."

பத்து நாள் கழித்து, திங்கட்கிழமை, முற்றுப்புள்ளி வளாகத்து ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இரண்டேகால் ஆனபோது கையில் இருந்த குடுவையைக் கீழே வைத்துவிட்டேன், உடைத்திருப்பேன். நாலு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தவரின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"என்னாச்சு? சொல்லித் தொலைங்க!"

"போனேன். விசில் குடுத்தேன். வந்தேன். 'ஜன்னல் உங்களுது, முடிஞ்சுது'ன்னாரு."

நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை நான் ஜன்னலைச் சாத்தவில்லை.

நான்கு மணி மாத்திரையைக் கொடுத்துவிட்டு மஞ்சள் தாளை வாங்கிப் பார்த்தேன். பிடித்த நேரம், விட்ட நேரம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பன்னிரண்டு மணிக் கட்டத்தில் 12.04. இத்தனை நாளும் காலியாகக் கிடந்த குறிப்புக் கட்டத்தில், எறும்பு எழுத்தில், முதல் தடவையாக ஏதோ எழுதியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தேன்.

'நான்கு நிமிடம் தாமதம். காரணம்: இன்று கை அதிகம் ஆடியதால் டப்பியைத் திறந்து கொடுக்கும்படி மீசையைக் கேட்டேன். எல்லோரும் இருந்தார்கள். திறந்து கொடுத்தார்.'